டைம்கீப்பர் சொன்ன நேரம்

“நான் அப்படி என்ன பெரிய தப்பு பண்ணிட்டேன்? பன்னிரண்டு நாளாச்சு,” என்றார் டைம்கீப்பர்.

“உங்க தப்பு ஒண்ணுமில்ல சார். அப்டேட் வந்த தேதியும் அதைத்தான் காட்டுது. சில நேரம் இப்படித்தான், பழைய செட்டிங்ஸ் எல்லாத்தையும் துடைச்சுட்டுப் போயிடும்,” என்றபடி சர்வீஸ்காரர், செருப்பு அலமாரியின் மேலிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியோடு தன் லேப்டாப்பை இணைத்தார்.

டைம்கீப்பர் சொன்னது பெட்டியைப் பற்றி அல்ல, மாடி வீட்டுத் தையல்கார அம்மாவைப் பற்றி. அதை இவரிடம் எங்கே போய் விளக்குவது?

பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம்கீப்பர் வேலை. அவர் விசில் ஊதினால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கண்டிப்பெல்லாம் ஓய்வு பெற்ற மறுநாளே காற்றில் போயிற்று. இப்போது ஏழு மணிக்கு முன்னால் அவர் படுக்கையை விட்டு எழுவதே இல்லை. மூட்டுவலி வந்துவிட்டால் எட்டரைகூட ஆகும்.

மனைவி போய் நாலு வருஷம். தூரதேசத்தில் இருக்கும் ஒரே மகன் போன வருஷம் வந்தபோது இந்த ஹோம் சர்வர் பெட்டியை வாங்கி வைத்துவிட்டுப் போனான். தண்ணீர் மோட்டார், வாசல் விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். பேச்சுத் துணைக்கு என்றால் மாடி வீட்டு அம்மா ஒருவர்தான்.

“அண்ணே, கத்தரிக்கோல் இருக்கா?” என்று கதவைத் தட்டுவார். இன்னொரு நாள், “இன்னைக்கு என்ன தேதிண்ணே?” என்பார். வந்தால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசாமல் போகமாட்டார். அதுவும் இவர் மூட்டு வலித்துப் படுத்திருக்கும் நாளாகப் பார்த்து வருவார். எப்படித்தான் தெரிகிறதோ என்று இவருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

போதாத காலம், பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவர் வந்தபோது இவருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “காலைல அஞ்சு மணிக்கே உங்க மிஷின் என் தலைமேல ஓடுதும்மா,” என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டேதான் போனார். அதோடு சரி, திரும்பி வரவே இல்லை.

நடுவில் மூன்று நாள் மூட்டுவலி. ஒன்பது மணிவரை படுத்தபடியே கதவு தட்டும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மன்னிப்புக் கேட்கலாம் என்று மாடிப்படியில் நாலு படி ஏறி, வெட்கம் பிடுங்கித் தின்ன இறங்கிவிட்டார். அந்த ஒரு மனுஷியையும் விரட்டிவிட்டோமே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“பழைய ஃபைல் ஒண்ணு கிடைச்சிருச்சு சார்,” என்றார் சர்வீஸ்காரர். “என்னென்ன செட்டிங்னு இருக்கு, நேரம் மட்டும் காலியா இருக்கு. நீங்க சொல்லச் சொல்லப் போட்டுடறேன். மோட்டார்?”

“காலைல ஏழு பத்து. ஏழு இருபத்திரண்டுக்கு நிறுத்தணும், இல்லேன்னா தொட்டி வழியும்.”

“வாசல் விளக்கு?”

“சாயங்காலம் ஆறு முப்பத்தஞ்சு.”

“ரேடியோ?”

“ஏழு நாற்பது. அப்பதான் நியூஸ் முடிஞ்சு பாட்டு போடுவான்.”

“கடிகாரத்தையே முழுங்கியிருக்கீங்க சார்,” என்று சிரித்த சர்வீஸ்காரர், அடுத்த வரிக்கு வந்ததும் புருவத்தைச் சுருக்கினார். “இது என்னது, ‘அப்பா’ன்னு பேர் போட்டு ஒண்ணு இருக்கு?”

“எனக்குத் தெரியாதே. படிங்க பார்ப்போம்.”

“‘காலைல சமையலறை விளக்கு எரியலைன்னா மாடிக்கு மெசேஜ் அனுப்பணும். அக்கா, அப்பா இன்னும் எழுந்திருக்கலை. ஏதாவது சாக்கு சொல்லி ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. நான் சொன்னதா அவருக்குத் தெரிய வேண்டாம்.’ உங்க பையன் எழுதினது போல இருக்கு சார்.”

டைம்கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் அந்த அம்மாவுக்குக் கோபமில்லை. மெசேஜ் போகவில்லை, அதனால் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. இத்தனை நாளும் தன்மேல் இருந்த அன்பினால் வந்து தட்டுகிறார் என்றல்லவா நினைத்திருந்தார். பெட்டி கூப்பிட்ட நாளில் மட்டும்தான் வந்திருக்கிறார். ஒரு நாள்கூடத் தானாக வந்ததில்லை. அது அவருக்கு நிஜமாகவே வலித்தது.

சர்வீஸ்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சில பேருக்கு இது பிடிக்காது சார், வேவு பார்க்கிற மாதிரி இருக்கும்பாங்க. வேண்டாம்னா இதை மட்டும் எடுத்துடறேன்.”

டைம்கீப்பர் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“இருக்கட்டும். போடுங்க.”

“அப்ப நீங்க தினமும் எழுந்திருக்கிற நேரத்தைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அரை மணி நேரம் விளக்கு எரியலைன்னா மாடிக்கு மெசேஜ் போயிடும்.”

“காலைல அஞ்சு மணி,” என்றார் டைம்கீப்பர். “ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது.”