முழங்கால் சாட்சி

தொழுவத்துப் பூனையைச் சாக்கில் கட்டி, அருமனை வரைக்கும் பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மறுநாள், வள்ளிநாயகம் தன் மனைவி அழகியநாயகியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். பூனை திருடுகிறது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். எதைத் திருடியது என்று சொல்லவில்லை.

அழகியநாயகியின் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. டாக்டர் பிரிஜா அதிலிருந்து ஊசியால் நீர் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார்.

"யூரிக் ஆசிட்தான். செல்லுக்குள்ள எல்லாம் ஊசி ஊசியா உப்பு கெடக்கு. அம்மா சாளை, நெத்திலி மாதிரி மீனெல்லாம் நெறைய சாப்பிடுவாங்களா?"

வள்ளிநாயகத்துக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"என்ன பேச்சும்மா இது? நாங்க சுத்த சைவமாக்கும். எங்க அடுப்பில மீன்சட்டி ஏறினதே கெடையாது!"

"சைவக்காரங்களுக்கும் வரும். கேக்கணும்லா, அதான் கேட்டேன்."

"அதெல்லாம் இல்ல. வேற யாருக்க கால்நீரையோ பாத்துட்டு வந்து சொல்லுகிய. இன்னொருக்க எடுத்துப் பாரும்மா!"

"சரி, எடுத்துருவோம்." பிரிஜா புது ஊசியைப் பிரித்தார்.

அழகியநாயகி இரண்டு கைகளாலும் முழங்காலைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ, இன்னொரு குத்து நான் தாங்கமாட்டேன். நீங்க பாத்தது சரிதான் டாக்டரம்மா."

பிறகு கணவன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"போகும்போ அருமனை வழியாப் போயி அந்தப் பூனையைத் தேடிக் கூட்டிட்டு வந்திருவோம். பாவம், தொழுவத்துப் பரணில நீங்க ஒளிச்சு வைக்கிற பொரிச்ச சாளையை அது ஒருநாளும் தொட்டதில்ல."