விரல் வைத்த இடம்

கடலில் காற்றாலை வரப்போகும் இடத்தை வரைபடத்தில் பார்த்ததும் பாக் லியூ ஊர் மீனவர்கள் கொதித்துப்போனார்கள்.

"நல்லா மீன் படுற இடமா பார்த்துக் கம்பம் நடுறாங்க! தோவாய் அண்ணே, நம்ம சார்பா பேசப் போனது நீங்கதானே? வாயில என்ன கொழுக்கட்டையா? கேளுங்க!" என்றான் கியெம்.

சங்கத் தலைவர் தோவாய் தலை நிமிரவில்லை. கையிலிருந்த டீயில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

காற்றாலைத் திட்டப் பொறியாளர் ஹுவே பதறினாள். "என்னண்ணே சொல்றீங்க? எங்கெங்க மீன் கிடைக்கும்னு தோவாய் அண்ணன்கிட்ட கேட்டுத்தானே திட்டமே போட்டோம்! இவர் விரல் வச்சுக் காட்டின இடத்துல ஒரு கம்பம்கூடக் கிடையாது."

எல்லாரும் தோவாயைப் பார்த்தார்கள்.

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"வெளியாள் வந்து கேட்டா... நெசமான இடத்தை எவன்டா காட்டுவான்?"