கடை வாசலில் பூசணிக்காய்

வாசற்படியில் சிந்திக் கிடந்தது ரத்தம் இல்லை என்று ஜெயரூபன் இங்கிலாந்துப் பொலிசுக்கு மூன்று தரம் சொல்லிவிட்டான். நான்காம் தரம், புங்குடுதீவில் இருக்கிற தாய்க்குச் சொன்னான்.

"எனக்கேன் மோனை சொல்லுறாய்? பூசணிக்காய் வெட்டச் சொன்னதே நான்தானே" என்றாள் மனோகரி.

தண்ணீர்ச் செம்பில் கைபேசியைச் சாய்த்து வைத்து, சிம் டேட்டாவில் தெரிந்த மகனைப் பார்த்தபடி கதைத்துக்கொண்டிருந்தாள். காலை எட்டு மணிக்கே லைன் வேலை என்று மின்சாரத்தை வெட்டியிருந்தார்கள். இப்போது மணி இரண்டு. ஃபேன் சும்மா தொங்கியது, அவள் கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டாள்.

கடை எந்தத் தேசத்தில் திறந்தால் என்ன, கண்பட்டால் நாவூறு நாவூறுதான். நீற்றுப்பூசணியைப் பிளந்து குங்குமம் அப்பி வாசலில் வைக்கச் சொல்லியிருந்தாள். மகனும் வைத்து, படம் எடுத்துக் குடும்பக் குறூப்பில் போட்டிருந்தான்.

"அந்தப் படத்தில பூசணிக்காயை வெட்டிப்போட்டு, சிவப்பை மட்டும் விட்டிருக்கிறாங்கள் அம்மா. வந்தேறியள் கடை வாசல்ல மிருகபலி குடுக்கினம் எண்டு எழுதி ஒரு பேஸ்புக் பக்கத்தில போட்டிட்டாங்கள். அஞ்சு நாளில எட்டு லட்சம் பேர் பாத்திட்டாங்கள்."

பார்ப்பார்கள்தானே. ரத்தம் என்றால் நின்று பார்க்கிற சனம், பூசணிக்காய் என்றால் பார்க்குமா?

"பாத்தால் பாக்கட்டும். விடன்."

"நேற்றுப் பின்னேரம் கடைக் கண்ணாடியை உடைச்சுப்போட்டாங்கள். நிலாந்தினி உள்ளுக்கு நிண்டவள். கையில ஒன்பது தையல்."

மனோகரியின் மட்டை நின்றது. பக்கத்தில் பாயில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த மகள் அஜந்தாவும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து மறுபடி உருவினாள்.

"நான் வெட்டச் சொன்னதாலதான் மருமகளின்ர கை வெட்டுப்பட்டது" என்றாள் தாய். அழுகைகூட வரவில்லை.

"உங்களில என்ன பிழை? இப்ப கள்ளமாப் போட்டில வந்து இறங்கிறவங்களாலதான் எங்களுக்கும் கெட்ட பேர். நாங்கள் முறையா வந்தனாங்கள்."

முறையாகப் போன மகன், பத்தொன்பது வருடத்துக்கு முன் லொறியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒளித்திருந்து போனவர். மனோகரிக்கு அது தெரியும். 

"குறூப்பில மட்டும்தானே படம் போட்டனீ. வெளியில எப்பிடிப் போனது?"

"நிலாந்தினியின்ர தமையன் பாரிசில இருந்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருப்பான். அவனுக்கு வாய் மட்டுமில்லை, விரலும் சும்மா இராது."

"ஆர் மோனை அந்தப் பக்கத்தை நடத்திறது?"

"பொலிஸ்காரி சொல்லுறாள், துவேசத்திலகூட இல்லையாம். சனம் பாக்கப் பாக்கக் காசு விழுமாம். எந்த நாட்டில இருந்தும் செய்வாங்களாம். நான் நம்பேல்லை. எங்கட தெருவில ஒரு வெள்ளைக் கிழவன் இருக்கிறான், அவன் பாக்கிற பார்வையே சரியில்லை."

"கவனமா இரு ராசா."

"கடைக் கட்டடத்தின்ர சொந்தக்காரன் சொல்லிப்போட்டான், இன்னொருக்கா எங்கட கடைப் படம் வந்தால் கடையைப் பூட்டித் திறப்பைத் தந்திட்டுப் போ எண்டு. பத்து வருசமா ரெண்டு பேரும் மாறி மாறி வேலை செய்து எடுத்த கடை அம்மா. போனால் எங்களிட்டை வேற ஒண்டும் இல்லை."

 குறிகட்டுவான் பஸ் தெருவால் போனது.

"என்ன பிள்ளை, காம்பையும் சேத்துப் போடுறாய்?" என்று மகளை அதட்டினாள் மனோகரி. அஜந்தா சுளகைப் பார்த்தாள். இலையும் காம்பும் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

"தங்கச்சி ஏன் ஒண்டும் கதைக்கிறாளில்லை?"

"அவளுக்கு வேலை நிண்டுபோச்செண்டு யோசனை. உன்னட்டை வரத்தானே அந்த லண்டன் கொம்பனி வேலையில கிடந்து முறியிறாள். இரவு பகல் எண்டில்லாமல் கொம்பியூட்டரோடதான்."

"வரட்டும். கடை இருந்தால் இஞ்சையே நிக்கலாம்" என்றான் ஜெயரூபன். குரலில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. "இப்ப பரவாயில்லைப் போல அம்மா. அந்தப் பக்கத்தில அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எங்கட ஆக்களைப் பற்றி ஏதாவது போடுறவங்கள், ஆறு மணித்தியாலமா ஒண்டும் போடேல்லை."

அந்த நேரம் தலைக்கு மேல் ஃபேன் ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது. உள்ளறையில் ரவுட்டரின் பச்சை விளக்கு எரிந்தது.

"அப்பாடா" என்றாள் மனோகரி. "எழும்பன் பிள்ளை. கொம்பனிக்காரன் தேடப்போறான்."

அஜந்தா எழும்பவில்லை. மடியில் கிடந்த காம்புகளைத் தட்டிவிடவும் இல்லை.

"அவங்கள் ஏன் திடீரெண்டு நிப்பாட்டினவங்கள் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை" என்றான் ஜெயரூபன்.

அவள் கைபேசிப் பக்கம் திரும்பி, முதல் தடவையாகத் தமையனின் முகத்தைப் பார்த்தாள்.

"எட்டு மணியிலயிருந்து இஞ்சை கறண்ட் இல்லை, அண்ணை."