குளிரில் நிற்கிற பிள்ளை

மன்னாரில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, லீவு தருகிறார்கள் இல்லை என்று தங்கை றெஜினாவிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் பெனடிக்ற் வடதுருவத்துக்குக் கப்பலேறினான். ஆசைப்பட்டு எப்போதோ பதிந்துவைத்த பயணம். கப்பலில் போனை அணைத்து வைத்தான். மிதக்கும் பனியின்மேல் ஒரு கரடி குட்டியோடு நடந்து போனதை எல்லோரையும் போல மூச்சடக்கிப் பார்த்தான்.

லண்டன் திரும்பிப் போனைத் திறந்தபோது அம்மாவின் அடக்கமும் முடிந்திருந்தது. தோர்ண்டன் ஹீத்தில் இருந்த தன் வீட்டுக்கு வந்தபிறகும் தங்கையைக் கூப்பிட அவனுக்கு முகமில்லை. கடைசியில் அவளே எடுத்தாள்.

“அண்ணை, சுகமாய்ப் போய்ச் சேர்ந்தனீங்களோ?”

கப்பல் விஷயம் தெரிந்துவிட்டது என்று அவன் நினைத்தான். “ஓம்” என்றான்.

“நீங்கள் வருவியள் எண்டு நான் நினைக்கவே இல்லை. அம்மா கண் மூடுமட்டும் கட்டிலடியிலயே இருந்தனீங்கள். ஒரு சொல்லும் கதைக்கேல்லை. ஏன் அடக்கத்துக்கு முதலே போயிட்டியள் எண்டு ஃபாதர்கூடக் கேட்டவர்.”

நான் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் எங்கே இருந்தேன் என்றும் சொல்ல வேண்டும். வெட்கத்தில் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“உங்கட கை ஐஸ் மாதிரிக் கிடந்தது. பிள்ளை குளிரில நிக்கிறான், போத்திவிடு எண்டு அம்மாதான் தன்ர போர்வையை இழுத்துத் தந்தவ.” றெஜினா மூக்கை உறிஞ்சினாள். “அதைத் தோய்ச்சு வெயிலில போட்டிருக்கிறன், அண்ணை. மூண்டு நாளாச்சு, இன்னும் சொட்டிக்கொண்டு கிடக்கு.”