கீச்சிடாத பேருந்து

டீசல் மேடம் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

டிப்போவில் அவருக்கு அந்தப் பெயர்தான். எந்தப் பேருந்து எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. இன்று ஓர் ஓட்டுநரைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்திருந்தார்.

விரட்டிப் போய்ச் சடாரென்று பிரேக் அடிப்பதில்தான் டீசல் வீணாகிறது. அதை ஓட்டுநர்களுக்குப் புரியவைக்க மேடம் என்னென்னவோ செய்து பார்த்தார். சுவரெல்லாம் வாசகம் ஒட்டினார். வகுப்பு எடுத்தார். பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் அவர்களை எழுப்பாமல் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு சின்னக் கருவியை உருவாக்கினார். பிரேக்கை ஓங்கி மிதித்தால் கீச்சென்று கத்தும். எத்தனை முறை கத்தியது என்று பதிவும் செய்யும். ஒரு மாதம் எல்லாரும் பயந்து ஓட்டினார்கள். அடுத்த மாதம் அதன் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுப் பழையபடி பறந்தார்கள்.

இந்த ஒரு பேருந்தில் மட்டும் மூன்று மாதமாக ஒருமுறைகூடக் கத்தியதாகப் பதிவே இல்லை. டீசலும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்.

ஓட்டுகிறவர் பெயரைக் கேட்டதும் மேலாளர் சிரித்துவிட்டார். டிப்போவில் எல்லாரும் ராக்கெட் என்று கூப்பிடுகிற ஆள். அவர் நிதானமாக ஓட்டுவதாவது? கருவியில் கைவைத்திருப்பார் என்றே முடிவானது. ராக்கெட்டை வேலையிலிருந்து நிறுத்திவைக்கப் பரிந்துரைக்கும் அறிக்கை, பாதி எழுதியபடி மேடத்தின் பையில் இருந்தது.

நடத்துநர் அம்மா வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. மேடத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஏறும்போதே மேடம் பார்த்திருந்தார், கருவியில் பஞ்சு இல்லை. அதன் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது.

முதல் சிக்னலில் பேருந்து நின்றதே தெரியவில்லை. இரண்டாவதிலும் அப்படித்தான்.

அப்போதுதான் ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை மேடம் கவனித்தார். மற்ற பேருந்துகளில் அது ஓட்டுநர் தலைவாரிக்கொள்ளத்தான் பயன்படும். இதில் உள்பக்கம் முழுக்கத் தெரிகிற மாதிரி திரும்பியிருந்தது. நின்றுகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள்.

இந்தப் புத்தி வேறயா என்று நினைத்தார் மேடம்.

ராக்கெட்டின் கண் கண்ணாடிக்குப் போனது. மேடமும் அதே திசையில் பார்த்தார்.

ஒரு பெரியவர். ஒரு கையில் மருந்துப் பை, மறு கை கம்பியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தது. வெகு தூரத்தில் சிக்னல் மஞ்சளானது. ராக்கெட் அப்போதே காலைத் தளர்த்திவிட்டார். பெரியவர் கை கம்பியைப் பிடித்த பிறகுதான் பேருந்து முழுதாக நின்றது.

அடுத்து, குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஓர் இளம்பெண். அதற்கடுத்து, நின்றபடியே தூங்கி வழிந்த ஒரு தொழிலாளி. ஒவ்வொரு முறையும் கண் மேலே போனது. கால் மெல்லத் தளர்ந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு மேடம் முன்னால் போனார். முகக்கவசத்தைக் கழற்றியதும் ராக்கெட் பதறி எழுந்தார். எப்படி இவ்வளவு பதமாக ஓட்டுகிறீர்கள் என்று மேடம் கேட்டதும், அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது.

"வயசாகுதில்லங்களா மேடம். நிதானம் தானா வந்துடுச்சு."

சொல்லிவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போனார்.

நடத்துநர் அம்மா அவர் போகிறவரை பார்த்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கண்ணாடியைத் திருப்பினது நான்தான் மேடம். ஒரேயடியாத் திருப்பினா கண்டுபிடிச்சுடுவாரு. அதனால தெனம் ஒரு நூலளவு. முழுசாத் திரும்ப ஒரு மாசம் ஆச்சு. வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. நிக்கிறவங்க மூஞ்சியப் பார்த்தா அந்தக் காலு அமுக்காதுன்னு எனக்குத் தெரியும்."

மேடம் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார். இரண்டு வருடம் மண்டையைக் குடைந்து அவர் செய்த கருவி, ஒரு மனிதரின் காலை மட்டும் மிரட்டியது. இந்த அம்மா, காசு செலவில்லாமல், விரல் நுனியால் ஒரு மனிதரையே மாற்றியிருக்கிறார். மாற்றப்பட்டவருக்கோ அது தன் குணம் என்றே எண்ணம். அந்த மாற்றம் கலையாமலிருக்க அதைவிடக் கெட்டியான பூட்டு வேறு எது?

கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. மேடம் பையிலிருந்த அறிக்கையை எடுத்து நான்காகக் கிழித்தார். இனி எல்லாப் பேருந்திலும் கண்ணாடியைத் திருப்பச் சொல்லப் போகிறேன், யோசனை தந்தவர் என்று உங்கள் பெயரையும் எழுதுவேன் என்றார்.

நடத்துநர் அம்மா அவசரமாகக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யோசனைய எடுத்துக்குங்க. பேரு மட்டும் வேண்டாம் மேடம். தெரிஞ்சா மனுஷன் ரெண்டு நாளைக்கு வீட்ல நான் ஆக்கிப் போடுறதச் சாப்பிட மாட்டாரு."