வெள்ளிக்கிழமை உள்ளி

வெள்ளிக்கிழமை வந்தால் சாம்பவிக்குப் பிடிவாதமும் கூடவே வந்துவிடும். அன்று இரவு பாஸ்டாதான். அதுவும் உள்ளிப்பூண்டும் ஒலிவ் எண்ணெயும் மட்டும் போட்ட இத்தாலிப் பாஸ்டா.

கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு. மற்ற நாட்களில் ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் உள்ளி மணம் அதை ஜன்னலடியிலேயே மறித்துவிடும்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதென்ன மணம்?" என்று தொடங்குவார் மாமியார் அருந்ததி. "ஒலிவ் எண்ணெய் பிறந்த பிள்ளைக்குப் பூசுறது. உள்ளி பெத்தவளுக்குக் குடுக்கிறது. என்ர பேத்தி யதுஷா பிறந்து பன்னிரண்டு வருசமாச்சு. இப்ப ஆருக்கு இது?"

லேசான சைவச் சாப்பாடு மாமி என்று சொல்லிவிட்டு, சாம்பவி தன் பாட்டில் பாஸ்டாவை அவிப்பாள்.

லேசோ பாரமோ, உள்ளி உரிப்பது என்னவோ அருந்ததிதான். பின்னேரம் டிவிக்கு முன்னால் தட்டோடு உட்கார்ந்துவிடுவார். வாய் திட்டும், கை உரிக்கும்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் தனஞ்சயன். அருந்ததிக்கு ஒரே மகன், சாம்பவிக்குக் கணவன்.

முதல் வெள்ளி பாஸ்டா ருசியாகத்தான் இருந்தது. உள்ளியை மெல்லிசாகச் சீவி, சின்ன நெருப்பில் பொன்னிறமாக்கி, செத்தல் மிளகாயை நொறுக்கிப் போட்டுப் பிரட்டியிருந்தாள். பிறகு வரவர உள்ளிதான் கூடியது. இப்போது பாஸ்டாவுக்குள் உள்ளியா, உள்ளிக்குள் பாஸ்டாவா என்று சாப்பிடுகிறவனுக்கே தெரியவில்லை.

ஆனாலும் அவன் வாய் திறப்பதில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அவனிடம் வேறு காரணம் இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அவனும் கூட்டாளி சாரங்கனும் கோட்டையில் ஒரு பாருக்குள் நுழைவார்கள். பிறகு வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறி, இறங்கும் வரை மிண்ட் டொபியாக வாயில் போட்டுக்கொண்டே வருவான்.

ஊருலகத்தில் இல்லாத குற்றமில்லைதான். ஆனால் அவனுடைய அப்பாவைக் கொண்டுபோனது அந்தச் சாராயம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று அருந்ததி மகனின் கையைத் தூக்கித் தன் தலையில் வைத்து, இதை வாயிலும் வைக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

அந்தச் சத்தியம் எப்போதோ போய்விட்டது என்று தெரிந்தால் அம்மா தாங்கமாட்டார். அந்தப் பயத்தில் தனஞ்சயன் வீட்டுக்கு வந்ததும் நேரே மேசைக்குப் போவான். பாஸ்டாவை விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவான்.

இதுவரை ஒருவருக்கும் பிடிபடவில்லை. தன் கெட்டித்தனத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த வெள்ளி சாரங்கன் லீவு. தனியாகக் குடிக்கிற பழக்கம் தனஞ்சயனுக்கு இல்லை. வேலை முடிந்த கையோடு வீட்டுக்கு வந்துவிட்டான்.

ஹோலில் அம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். விரல் எரிந்திருக்க வேண்டும், இடைக்கிடை ஊதிக்கொண்டார். அவனுக்கு மனம் கேட்கவில்லை. நேரே சமையலறைக்குப் போனான்.

"சாம்பவி, இந்த வெள்ளிக்கிழமைப் பாஸ்டாவை இனி விட்டிடும். அம்மாவுக்கு அந்த மணம் ஒத்துவரேல்லை. வயசுபோன மனிசி, பாவமெல்லே."

பாஸ்டாவுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்த சாம்பவி திரும்பினாள். கிட்ட வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய் அடுப்பை நிறுத்தினாள்.

"இண்டைக்குக் குடிக்கேல்லையோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் கை தன்னையறியாமல் டொபி இருந்த சட்டைப் பைக்குப் போனது.

"ஒவ்வொரு வெள்ளியும் டொபிக்கு மேலாலை சாராயம் மணக்குது. மாமிக்குப் பிடிபட்டால் அவ உடைஞ்சு போயிடுவா. அதுதான் வீடு முழுக்க உள்ளி மணக்க வைக்கிறனான். நீங்கள் கூடக் கூடக் குடிக்க, நானும் உள்ளியைக் கூடக் கூடப் போட்டனான்."

அப்போதுதான் அவனுக்குப் போன பௌர்ணமிப் போயா லீவு ஞாபகம் வந்தது. அது ஒரு வெள்ளிக்கிழமை. நாடு முழுக்க பார் பூட்டு. அன்று வீட்டில் இடியப்பமும் சொதியும். அதை அவன் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

அம்மாவிடம் இத்தனை நாளும் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் தனக்காகவா? அவளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. பிடித்துக்கொண்டான்.

"இனி இல்லை, சாம்பவி." ஹோல் பக்கம் எட்டிப் பார்த்தான். "அம்மாவுக்கு ஒண்டும் தெரியாதுதானே?"

"தெரியாது. தெரிய விடவும் மாட்டன்."

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் கையை விட்டார்கள்.

உரித்த உள்ளியைத் தட்டில் ஏந்திக்கொண்டு அருந்ததி உள்ளே வந்தார். மகனைத் தாண்டிப் போக வந்தவர், அவன் தோளோடு தோளாக நின்று ஒருதரம் மூச்சை இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நேரே போய் ஃபிரிட்ஜைத் திறந்து தட்டை உள்ளே வைத்தார்.

"நாளைக்கு ரசத்துக்குப் போடு, பிள்ளை. இண்டைக்கு உள்ளி தேவைப்படாது."