மொட்டை மாடிக்கு வந்த ஊட்டி

"தெனம் நாலு மணி ஆனா போதும் மாமு. ஊட்டி நேரா கொருக்குப்பேட்டைக்கு வந்து, நம்ம மொட்டை மாடில அரை அவர் குந்திட்டுப் போவுது" என்றார் பக்தவச்சலம்.

மாடியிலிருந்து இறங்கி வந்த மஜீது, கையை லுங்கியில் துடைத்தபடி சிரித்தார். அந்தச் சிரிப்பில் கூட்ஸ் யார்டில் நின்ற வேகன்கள் நாலடி பின்னால் போயிருக்கும்.

"மே மாசத்துல ஊட்டியா? இன்னா நைனா, வெயிலு மண்டைல ஏறிடுச்சா?"

"நான் சொல்லல. பொட்டி சொல்லுது."

பெட்டி என்பது ஒரு சோப்பு டப்பா. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் ஒயரோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்ற பக்தவச்சலம், வெப்பம் அளக்கும் கருவி ஒன்றை அதற்குள் வைத்து, மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாகக் கட்டியிருந்தார். அங்கிருந்து நெட்வொர்க் கேபிள் கீழே கம்ப்யூட்டருக்கு வந்தது. அதன் பிறகு முழங்கால் மாடி ஏறச் சம்மதிக்கவில்லை. பக்கத்துப் போர்ஷன் மஜீதுதான் தினமும் ஏறிப் பார்த்து, "டப்பா ஷோக்கா கீது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பல தேசத்து ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் சாஃப்ட்வேர் ஒன்று உண்டு. அதைக் கவனித்துக்கொள்பவன் பின்லாந்தில் இருக்கும் ஓட்டோ. அந்தச் சாஃப்ட்வேர் இந்தச் சோப்பு டப்பாவையும் படிக்கும்படி எழுதிச் சேர்க்க அவன் ஒப்புக்கொண்டிருந்தான். செய்தவர் பெயர் என்ற இடத்தில் பக்தவச்சலம் என்று வரும். வியாசர்பாடி வரை அவர் சொல்லி முடித்துவிட்டார்.

இப்போது ஊட்டி குறுக்கே வந்து நின்றது.

"நான் அனுப்புன பொட்டி கணக்கப் பாத்துட்டு ஓட்டோ எழுதிக்கீறான், கேளு. நாப்பத்தோரு டிகிரி, பத்து நிமிசத்துல முப்பதுக்கு எறங்குதாம். அரை அவர்ல திரும்ப ஏறிக்குதாம். பதினோரு நாளா இதே கூத்து. ஒலகத்துல எந்த ஊர்லயும் இப்டி ஒரு வானிலை கெடையாதாம். அஞ்சு மணிக்குள்ள காரணம் சொல்லலன்னா, பொட்டி பழுதுன்னு வெளிய போட்டுருவானாம்."

"கடல் காத்தா இருக்குமாண்ணே?" என்றாள் மாம்பழம் நறுக்கி எடுத்து வந்த ரஹீமுன்னிசா, மஜீதின் மனைவி.

"கடல் காத்துக்கு மணி பாக்கத் தெரியாது தங்கச்சி."

"ஊட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் மஜீது. "ரீல் வுடுறதுல பொட்டி ஒன்ன மாதிரியே கீது நைனா."

"இவரு பேச்ச வுடுங்கண்ணே. இனிமே புறா வளக்க மாட்டேன்னு போன வருசம் என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணாரு. அதுலேர்ந்து ஊரையே நக்கல் பண்ணிகினு கீறாரு."

மணி நாலு ஐம்பத்தைந்து. பக்தவச்சலம் மெதுவாகத் தட்டச்சு செய்தார். 'பெட்டி பழுதுதான். என் பெயரை எடுத்துவிடு.' அவர் வாழ்க்கையில் மிகைப்படுத்தாமல் எழுதிய முதல் கடிதம் அது. அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டுபோனார்.

மஜீது அந்த விரலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு மெல்ல நகர்ந்து பக்தவச்சலத்தின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அனுப்பாத நைனா. ஊட்டி வந்தது நெசம்தான், நான்தான் இட்டாந்தேன். தொட்டிக்குப் பின்னால பதினாறு புறா கீது. வெயிலு தாங்காதேன்னு தெனம் நாலு மணிக்கு கூண்டு மேல ஈரக் கோணி போத்துவேன், அதுல ஒரு ஓரம் ஒன் டப்பா மேலயும் வுழுந்துரும், அரை அவர்ல காஞ்சிரும்."